கடைசிப் பொத்தான்

குணசீலனுக்கு ஐம்பத்தொன்பது வயது. தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மற்றவர்களுக்குப் போனில் வேலை செய்யக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று பியாட்ரிஸ் டீச்சரிடம் படித்தார். டீச்சருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் சொன்னால்தான் குணசீலன் உட்காருவார்.

அவருடைய முதல் வகுப்பில் நாற்பத்தொரு அங்கன்வாடிப் பெண்கள். வாராவாரம் குழந்தைகளின் எடையைப் போனில் ஏற்ற வேண்டும். எடை இறங்கினால் நர்ஸின் போனில் சிவப்பு விழும், நர்ஸ் அந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். நாற்பத்தொரு பேரும் தேறினார்கள். ஒரு தப்புகூட இல்லை.

மூன்று வாரம் கழித்து, குணசீலன் மூச்சு வாங்க டீச்சரிடம் வந்து நின்றார்.

“ஒருத்தர் பதிவுகூட வந்து சேரலையாம் டீச்சர். என் முன்னால எல்லாரும் நல்லாத்தானே செஞ்சாங்க. எங்க தப்பு?”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க சார். ஒரு ஊருக்குப் போயிட்டு வருவோம்.”

காரையாம்பட்டி அங்கன்வாடியில், அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தியான தவமணியின் மடியில் எட்டு மாதக் குழந்தை கிடந்தது. பக்கத்தில் அதன் அம்மா, முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழக்கூட இல்லை. குணசீலன் அதன் மணிக்கட்டைப் பார்த்தார். அப்புறம் பார்க்க முடியவில்லை.

“முந்தின வாரம் ஆறு புள்ளி நாலு கிலோ. போன வாரம் ஆறு ஒண்ணு. இன்னைக்கு அஞ்சு எட்டு,” என்றாள் தவமணி. “ரெண்டு வாரமும் போன்ல போட்டுட்டேன் சார். நர்ஸம்மா வருவாங்கன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருக்கோம்.”

டீச்சர் போனை எட்டிப் பார்த்தார். இரண்டு எடையும் சரியாகத்தான் இருந்தன. இரண்டுமே போகவில்லை.

“கடைசிப் பொத்தானை அழுத்தலையா அக்கா?”

“அதைத்தான் தொடக்கூடாதுன்னு சார் வகுப்புல சொன்னாரே. தப்பாப் போயிடும், நானே பார்த்து அழுத்திக்கிறேன்னு. அங்கயிருந்தே அழுத்திடுவாருன்னு நெனச்சேன்.”

குணசீலன் எழுந்துவிட்டார். “குடும்மா, இப்பவே நான்...” கை நீண்டுவிட்டது.

“சார்,” என்றார் டீச்சர். “உட்காருங்க. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்குங்க.”

உட்கார்ந்தார். வைத்துக்கொண்டார்.

தவமணி இன்றைய எடையைப் போட்டாள். புள்ளி வைக்க மறந்துவிட்டாள். ஐம்பத்தெட்டு என்று நின்றது. குணசீலன் வாயைத் திறந்தார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

பொத்தானுக்கு மேலே தவமணியின் விரல் அப்படியே நின்றது.

“தப்பாப் போயிட்டா?”

“போகட்டும் அக்கா.”

அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. நர்ஸ்தான்.

“என்ன தவமணியக்கா, எட்டு மாசப் பிள்ளை ஐம்பத்தெட்டு கிலோவா? நானே ஐம்பத்தாறுதான். அப்படி என்னதான் ஊட்டுறீங்க?”

தவமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐய, புள்ளி.” யாரையும் கேட்கவில்லை. தானே திருத்தினாள், போகாமல் கிடந்த இரண்டு எடையையும் சேர்த்துத் தானே அழுத்தினாள். இந்தத் தடவை விரல் நிற்கவில்லை.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

“பிள்ளையைப் போத்தி வைங்க. இதோ கிளம்பிட்டேன்.”

அரை மணியில் நர்ஸின் வண்டி வந்தது. குழந்தையும் அம்மாவும் அதில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தெருமுனை திரும்பும்வரை தவமணி போனைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

குணசீலன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

“தப்புன்னு உங்களுக்கும் தெரிஞ்சுது டீச்சர். பிள்ளை உசிரு. அப்புறம் ஏன் விட்டீங்க?”

“சார், உங்க கை எங்க இருக்கு?”

குனிந்து பார்த்தார். இன்னும் தொடைக்கு அடியிலேயே இருந்தது.

“மரத்துப் போச்சு டீச்சர்.”

“அப்படியே இருக்கட்டும். அவங்களே அழுத்தி, அவங்களே திருத்தட்டும்,” என்றார் டீச்சர். “இன்னும் நாற்பது ஊர் இருக்கு.”