நாற்பது நாள் கத்தி

"இந்தக் கூச்சம் போறதுக்கு என்னம்மா வழி?"

கேட்டவர் அருளானந்தம். வயசு ஐம்பத்தொன்பது, ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். கேட்டது குயிலம்மையிடம். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆற்றங்கரை மடத்துக்கும் அங்கே நடக்கும் அன்னதானத்துக்கும் அவர்தான் எல்லாம்.

"எதுக்குக் கூச்சம்?"

ஹெட்மாஸ்டர் அதை எப்படிச் சொல்வார்?

பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பைக் காணோம் என்று, காலைப் பிரார்த்தனையில் எழுநூறு பிள்ளைகள் பார்க்க, பியூன் சுடலைமுத்துவைத் திருடன் என்றவர் இவர். மனுஷன் அன்றைக்கே வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்த மாதம் மைக்ரோஸ்கோப் கிடைத்தது. எங்கே? ஹெட்மாஸ்டரின் சொந்த பீரோவில். வைத்தவரும் அவரேதான். அதை எந்தப் பிரார்த்தனையிலும் அவர் சொல்லவில்லை. ஆச்சு, நாலு வருஷம்.

குயிலம்மை ஒரு புதுக் கத்தியை எடுத்து நீட்டினார். கொல்லர் பட்டறையிலிருந்து முந்தின நாள்தான் வந்த எஃகுக் கத்தி. முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு.

"இது கறுக்கணும். கறுப்பு ஏறினாத்தான் துருப் பிடிக்காது. மாங்கா, வாழைப்பூ, எலுமிச்சம்பழம் எல்லாம் இதுலயே நறுக்குங்க. கழுவி, ஈரம் போகத் துடைச்சு, தேங்காயெண்ணெய் தடவி வையுங்க. நாப்பது நாளைக்குத் தேய்க்கக் கூடாது."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"வாழைப்பூ அங்க கிடக்கு பாருங்க."

நல்ல கூத்துதான் என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

முதல் நாளே கத்தியில் கறை விழுந்தது. மூன்றாம் நாள் திட்டுத்திட்டாக நீலம், சாம்பல், ஓரத்தில் பழுப்பு. சாப்பிட வந்த ஒருத்தர் எட்டிப் பார்த்து, "என்ன சார், கத்தி இவ்வளவு அழுக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். ஹெட்மாஸ்டருக்குப் பொறுக்குமா? எல்லாரும் பந்தியில் இருந்த நேரம் பார்த்து, செங்கல்பொடியை எடுத்து வறட்டு வறட்டென்று தேய்த்துவிட்டார். கத்தி மறுபடி பளபளத்தது. மனசுக்கு அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் பார்த்தால் செம்புள்ளியாகத் துரு. அதையும் தேய்த்தார். அதற்கும் மறுநாள் இன்னும் துரு. இப்படியே நாலு நாள்.

எட்டாம் நாள் மாங்காய்ப் பச்சடி கறுத்துப்போனது. வாயில் வைத்தால் இரும்பு நாற்றம். இருநூறு பேர் இலையிலும் அது அப்படியே கிடந்தது.

குயிலம்மை அடுப்படிக்கு வந்து கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைத் தேய்ச்சது யாரு?"



"வேற யாரு தேய்ப்பா?" என்றார் சமையல்காரர் பூவலிங்கம். "செங்கல்பொடி பேச்சித்தாய்கிட்டதானே இருக்கு."

பேச்சித்தாய் பாத்திரம் விளக்குகிறவள். எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது.

"நான் தொடவே இல்லம்மா. சத்தியமா இல்ல."

"தொடாமத்தான் பளபளன்னு ஆச்சாக்கும்?" என்றார் பூவலிங்கம். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

பேச்சித்தாய் கையிலிருந்த தேங்காய் நாரைத் தொட்டித் திண்டில் வைத்தாள். சொருகியிருந்த முந்தானையை எடுத்து விட்டுக்கொண்டாள். பின்வாசலைப் பார்த்து நடந்தாள்.

ஹெட்மாஸ்டர் அவள் போவதையே பார்த்தார். இன்னும் நாலு எட்டு வைத்தால் அவள் வெளியே போய்விடுவாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. சும்மா நின்றால் போதும்.

சும்மா நிற்பது அவருக்குப் பழக்கம்தானே.

மூன்று எட்டு.

"நில்லும்மா!"

அவர் கத்திய கத்தில் பூவலிங்கம் கரண்டியைக் கீழே போட்டார்.

"நான்தான் தேய்ச்சேன். தினமும் நான்தான் தேய்ச்சேன். அவ மேல பழி போடாதீங்க."

அதோடு நிறுத்த அவரால் முடியவில்லை. மைக்ரோஸ்கோப், பீரோ, எழுநூறு பிள்ளைகள், சுடலைமுத்து எல்லாம் கொட்டிவிட்டது. அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். பேச்சித்தாயும் பார்த்தாள். தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது அவருக்கு. காது, கழுத்து, நெஞ்சு எல்லாம் எரிந்தது.

"கூச்சம் பிடுங்கித் தின்னுதும்மா."

"தின்னட்டும்," என்றார் குயிலம்மை. "சுடலைமுத்து வீட்டுக்கு எந்த பஸ்ஸு?"