நாலு மணிக் கஞ்சி

"எனக்குன்னு யாருமே இல்லம்மா" என்றார் தெய்வநாயகம்.

சாமியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் அந்த மடத்துக்கு அவள்தான் குரு.

"முப்பது பேர் இருக்கோமே ஐயா."

"இருந்து என்ன? ஒரு ஆள் என் அறைப்பக்கம் எட்டிப் பார்க்கிறதில்ல."

அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் ஆட்களை வேலை வாங்கிய மனிதர். மனைவி போனபிறகு மடத்துக்கு வந்தார். வந்தவரிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். ஆறே மாதத்தில் எல்லா வேலைக்கும் ஆள் போட்டுவிட்டார். தான் செய்ய என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை, கெட்டிக்காரர்!

"நாலு மணிக் கஞ்சி எப்படிப் போகுது?"

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலக் கஞ்சியை யாரும் தனக்கென்று மொண்டுகொள்ளக் கூடாது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவருக்கு மற்றவர் மொண்டு கொடுக்க வேண்டும். தெய்வநாயகத்துக்கு வாய்த்த கூட்டாளி, கண் தெரியாத இருளப்பன். தடவித் தடவி மொண்டு வருவார். பாதி தரையில் போய்விடும்.

"அதுக்கு மூக்கம்மாவைப் போட்டுட்டேன். ஒரே ஆள், அறை அறையாப் போய்க் கொடுத்துடறா. முன்னெல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கிட்டே குடிப்பாங்க. இப்ப பத்து நிமிஷம்!"

சாமியம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"மூக்கம்மா! ஐயாவுக்கு ஒண்டியா இருக்காம். எனக்குக் கீரை கிடக்கு. நீ என்னன்னு கேட்டு அனுப்பிடு."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"நான் உங்களைத் தேடித்தானே வந்தேன்! என்னைப் போய் இன்னொருத்தர்கிட்ட..."

சாமியம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்று நாலு மணிக்கு, மூக்கம்மாவிடமிருந்து ஒரு குவளையை வாங்கிக்கொண்டு இருளப்பனின் அறைக்குப் போனார்.

"மூக்கம்மாவா? வச்சிட்டுப் போ தாயி."

"நான் நாயகம்."

இருளப்பன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"யாரு அனுப்பிச்சா?"

"யாரும் அனுப்பல."

கிழவர் குவளையை வாங்கிக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"உமக்கு யாரு மொண்டு தருவா? இரும், வர்றேன்."