சித்திரையில் நட்ட கல்

ஓர் ஆற்றங்கரையில் மேய்ச்சல் நிலம் ஒன்று இருந்தது. ஆட்டுத்தரை என்பார்கள். ஐப்பசியில் ஆறு பெருகினால் அங்கே வந்து நாலு நாள் படுத்துக் கிடக்கும். மற்ற நாளெல்லாம் பேச்சிக்கனியின் ஆடுகள் மேயும். ஆற்றுக்கும் ஆடுகளுக்கும் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை.

ஒரு கோடையில் நெல்வயல் வரப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

"என்னப்பா, இந்தப் பக்கம்?" என்றது ஆட்டுத்தரை.

"நானா வர்றேன்? செங்கல் சூளை என் மேல்மண்ண வழிச்சிட்டுப் போயிருச்சு. எங்க போவேன்?"

பின்னாலேயே சூளை வந்தது. "என்னை ஏன் முறைக்கிற? வீடுங்க கல்லு கல்லுன்னு உயிர வாங்குது."

அதன் பின்னால் வீடுகள் வந்து நின்றன. "மேற்கே வாய்க்கால் வறண்டு போச்சு. சனங்க சட்டிபானையோட கிளம்பி வந்தா நாங்க எங்க நிக்கிறது?"

சொன்னதெல்லாம் நிஜம். அதுதான் கொடுமை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் நகரவும் இல்லை.

மூன்றும் இடத்துக்கு அடித்துக்கொண்டதில் சர்வேயர் அருமைநாதன் வந்தார். சித்திரை மாதம். ஆறு ஒரு வேட்டி அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அளவுச் சங்கிலியைத் தண்ணீர் ஓரத்தில் வைத்தார்.

பேச்சிக்கனி ஓடி வந்தாள். "ஐயா, ஆறு இம்புட்டுத்தான்னு நினைக்காதீங்க. ஐப்பசியில வந்து பாருங்க."

"கண்ணால பாக்குறதத்தாம்மா நான் அளக்க முடியும்," என்று அவர் எல்லைக்கல்லை நட்டுவிட்டுப் போனார்.

"ஆத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" என்றது கல்.

"அது கிடக்குது நோஞ்சான்," என்றது வயல். கல்லும் நட்ட இடத்தில் நின்றுகொண்டது.

ஆட்டுத்தரை மூன்று துண்டானது. பேச்சிக்கனி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேம்படி மேட்டில் பட்டி போட்டாள். அந்த மேட்டில் ஒருநாளும் தண்ணீர் ஏறியதில்லை.

ஐப்பசியில் ஆறு வந்தது.

"எல்லை போட்டாச்சு, இதுக்கு மேல வராதே," என்றது கல்.

"எப்போ போட்டீங்க?"

"சித்திரையில."

"நான் சீக்கா கிடந்தப்பவா பாகம் பிரிச்சீங்க?" என்றது ஆறு.

"போ, போ," என்றன வயலும் சூளையும் வீடுகளும்.

"நானா வர்றேன்? மலையில மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க. மழை புடிச்சுத் தள்ளுது. எங்க போவேன்?"

அது அவர்கள் சொன்ன அதே பேச்சு. ஆனால் வயல் வரப்பை உயர்த்தியிருந்தது, சூளை மண்ணைக் குவித்திருந்தது, வீடுகள் தரையை மேடாக்கியிருந்தன. படுக்க இடமில்லாத ஆறு கல்லைப் பிடுங்கிக்கொண்டு மேலே மேலே, வேம்படி மேடு வரைக்கும் ஏறியது. பேச்சிக்கனி ஆடுகளுக்குக் குழை ஒடிக்கப் போயிருந்த நேரம் அது. திரும்பி வந்தபோது பட்டி இல்லை, ஒரு குட்டிகூட இல்லை.

யாரையும் தள்ளாதவள் அவள் ஒருத்திதான்.

தை மாதம் அருமைநாதன் புதுக் கல்லோடு வந்தார். பேச்சிக்கனி அவரை வேம்படிக்குக் கூட்டிப்போனாள். மரத்தின் இடுப்பளவுக்குச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த உயரத்தில் ஒரு கிளைக் கவட்டில் ஆட்டுமணி ஒன்று கயிற்றோடு சிக்கியிருந்தது.

"பாத்ததைத்தான அளப்பீங்க?" என்றாள்.

அவர் நின்று பார்த்தார். பிறகு சங்கிலியின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை மணிக்கு நேர் கீழே, மண்ணில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.