தொங்கும் காருக்கு அளவு

கோயமுத்தூரில் ஒரு பந்தயக் கார் பட்டறை. அங்கே ஜெயப்பிரகாசம்தான் தலைமை இன்ஜினியர். அவர் கட்டிய கார் நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் போதும், கூரைவரை அதிரும். பின் சக்கரத்தைச் சுழற்றும் நீள ஷாஃப்டை நாலு தடவை மாற்றியும் அதிர்வு போகவில்லை. பந்தயமோ மறுநாள்.

“ஷாஃப்டைத் தொடாம இதை யாராவது நிறுத்திட்டா, என் நாற்காலியிலயே வந்து உக்காரலாம்!” என்று கத்தினார்.

கிரீஸ் அடிக்கும் மயிலாத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “நான் பாக்கட்டுங்களா சார்?”

பட்டறையே சிரித்தது. அவர் லிஃப்டில் தொங்கிய காரைக் காட்டினார். “கியர்பாக்ஸும் பின் அச்சும் ஒரே சாய்வுல நிக்கணும், இல்லேன்னாத்தான் ஷாஃப்ட் அதிரும். இங்கேயே அளந்துட்டேன், துளி பிசகில்லை. நீ என்ன பாக்கப்போறே?”

“செருப்புக்கு அளவு குடுக்கறப்ப காலைத் தொங்கவிடுவீங்களா சார், தரையில ஊனுவீங்களா?”

“ஊனித்தான்.”

“அப்ப வண்டியையும் இறக்குங்க. நீங்களே ஏறி உக்காருங்க.”

காரை இறக்கி, ஆள் அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் நிறுத்தினார்கள். அவர் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கியது. மயிலாத்தா அடியில் இறங்கி, அவருடைய கருவியாலேயே அளந்தாள். ரெண்டு டிகிரி வித்தியாசம்! கியர்பாக்ஸ் தாங்கிக்கு அடியில் தகடு கொடுத்துச் சாய்வைச் சரிசெய்தாள். ஓட்டிப் பார்த்தார்கள்; நூற்றைம்பதில் போயும் கண்ணாடிகூட நடுங்கவில்லை.

சொன்ன சொல்லை விழுங்க முடியுமா? ஜெயப்பிரகாசம் தன் உயரமான சுழல் நாற்காலியை உருட்டிக் கொடுத்தார்.

மயிலாத்தா அதில் உட்கார்ந்து நிதானமாக ஒரு டீ குடித்தாள். பிறகு இறங்கி, திருப்பி உருட்டிவிட்டாள்.

“சுகமாத்தான் இருக்குதுங்க சார். ஆனா இதுல உக்காந்தா கால் தரைக்கு எட்டலீங்க.”