மூடுபனியில் பிறந்த கச்சேரி

ஒரு காட்டின் நடுவே ஆறு ஓடியது. அக்கரையில் நல்ல புல் இருந்தது. மான்கள் தினமும் காலையில் ஆற்றைக் கடந்து அங்கே மேயப் போகும். ஒரே ஓர் இடத்தில்தான் தண்ணீர் முழங்கால் ஆழம். கொஞ்சம் தள்ளிப் போனாலும் சுழல் இழுத்துக்கொள்ளும்.

மார்கழியில் மூடுபனி இறங்கினால் எதிரே இருப்பது தெரியாது. அதனால் அக்கரையில் பொந்து விழுந்த மரம் ஒன்றை மரங்கொத்தி 'டொக் டொக்' என்று தட்டும். அந்தச் சத்தத்தை வைத்து மான்கள் நேராகக் கரையேறிவிடும்.

ஒரு வருடம் மழை மிஞ்சிவிட்டது. ஆற்றின் இரைச்சலில் மரங்கொத்தியின் சத்தம் அமுங்கிப்போனது. ஒரு மான்குட்டி சுழலில் போய்விட்டது. அன்று முழுவதும் மரங்கொத்தி இரை தேடப் போகவில்லை. தன் அலகு மட்டும் இனிப் போதாது என்று அதற்குப் புரிந்தது. துணை தேடிக் கிளம்பியது.

முதலில் குரங்கு வந்தது. வண்டு துளைத்த மூங்கிலை ஊதினால் பாடுகிறது என்று அது கண்டுபிடித்திருந்தது. அடுத்த வருடம் முள்ளம்பன்றி வந்தது. காய்ந்த சுரைக்குடுக்கையில் மரநார் ஒன்றை இழுத்துக் கட்டி, உதிர்ந்த முள்ளால் மீட்டியது. இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது காது கூசியது. மூங்கிலை மாற்றச் சொன்னது முள்ளம்பன்றி. துளையை எப்படி நகர்த்துவது என்று கேட்டது குரங்கு. முள்ளம்பன்றி யோசித்துவிட்டுத் தன் நாரின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. இரண்டு ஒலிகளும் இழைந்துவிட்டன.

மூன்றாம் வருடம் வெள்ளம் இன்னும் அதிகம். கொம்பன் என்ற யானை தானாகவே வந்தது.

"நான் ஒருவன் பிளிறினால் போதும். நீங்கள் சும்மா இருங்கள்" என்றது.

மறுநாள் மான்கள் நீரில் இறங்கியதும் கொம்பன் பிளிறியது. சத்தம் இரண்டு பக்கத்து மலைகளிலும் மோதித் திரும்பியது. கரை எந்தப் பக்கம் என்று மான்களுக்குத் தெரியவில்லை. மிரண்டு சிதறின. பாதி மான்கள் சுழலின் விளிம்புவரை போய், தட்டுத்தடுமாறித் தப்பி வந்தன.

எல்லா விலங்குகளும் கொம்பனைத் திட்டின. அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

இதையெல்லாம் நாரை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் குரல் சரியில்லை. அதனால் யாரும் அதைக் கச்சேரிக்குக் கூப்பிட்டதில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு ஒலியும் அதற்கு அத்துப்படி. நாரை கொம்பனைத் தேடிப் போனது.

"அண்ணே, இந்த வெள்ளத்தை மீறிக் கேட்க உங்கள் குரல் வேண்டும்."

"என் குரலால்தானே அவை மிரண்டன?"

"முன்னால் நின்று முழுத் தொண்டையில் பிளிறினீர்கள். நாளை எல்லாருக்கும் பின்னால் நில்லுங்கள். நான் சிறகைத் தூக்கும்போது மட்டும் அடித்தொண்டையில் உறுமுங்கள். மற்றவர்களும் உங்களோடு இருப்பார்கள்."

கொம்பன் தயக்கத்தோடு நாரையின் பின்னால் நடந்தது.

மறுநாள் காலை நாரை எல்லாரையும் நிற்கவைத்தது. மெல்லிய ஒலி எழுப்பும் முள்ளம்பன்றி முன்னால். அடுத்து குரங்கு. அதற்கும் பின்னால் மரங்கொத்தி. கடைசியில் கொம்பன். நாரை சிறகைத் தூக்கியது. கொம்பனின் உறுமல் மலைகளில் மோதித் திரும்பாமல் நீரின் மேல் கனமாகப் பரவியது. அதன்மேல் நாரும் மூங்கிலும் பாடின. மரத்தின் 'டொக் டொக்' தாளமாக நடந்தது.

மான்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டன. ஒன்றுகூடத் தவறவில்லை. கரையேறிய மான்கள் புல்லைத் தேடிப் போகவில்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தன. பனி விலகிய பிறகும் வாசிக்கச் சொன்னது ஒரு பெண்மான்.

பிறகு தவளைகள் வந்தன, மைனாக்கள் வந்தன. புதிதாக வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, தாங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான்.

பிறர் குரலும் கேட்கும்படி தன் குரலை அளந்து கொடுப்பவர்களால்தான் சேர்ந்து பெரிய காரியம் செய்ய முடியும்.