மெழுகிய கரை

ஒரு மலைக்காட்டில் விலங்குகள் பயிர் செய்து பிழைத்தன. ஒரு வருடம் பல வயல்களின் கரைகள் பழுதாகிவிட்டன. கட்டித் தர யானை முன்வந்தது. ஆனால் ஒற்றை யானை எத்தனை கரையைத்தான் கட்டும்? மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"யார் கரை முதலில், யார் கரை அடுத்து என்று நீ பார்த்து வந்து சொல்!" என்று மயிலிடம் பொறுப்பைக் கொடுத்தது சிங்கம். மயிலுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

சரிவின் உச்சியில் முயல்களின் கேழ்வரகு வயல் இருந்தது. அதன் கரையில் பெரிய விரிசல். குட்டிகளுக்கு வருடம் முழுவதும் அந்த வயல்தான் சோறு போட்டது.

"மயில் விருந்தாளியா வர்ற நேரத்துல இப்படியா போட்டு வைக்கிறது? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க!" என்றது பெண்முயல்.

"அவங்க வர்றதே விரிசலைப் பார்க்கத்தானே!" என்றது ஆண்முயல்.

பெண்முயல் கேட்கவில்லை. களிமண் குழைத்து விரிசலை மெழுகியது. மேலே கோலமும் போட்டது. வருகிறவரை அலங்கோலத்தோடு வரவேற்று அதற்குப் பழக்கமில்லை, பாவம்.

கீழ் வயல் காட்டுப்பன்றி வேறு ரகம். நன்றாக இருந்த கரையைத் தானே கிளறிப் போட்டுவிட்டு, நடுவில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தது.

மயில் வந்தது. தோகையில் சேறு படக்கூடாதே! தூரத்துப் பாறையிலேயே நின்றுகொண்டது.

"கரை எப்படி இருக்கிறது?" என்று அங்கிருந்தே முயல்களைக் கேட்டது.

"ஏதோ இருக்குங்க. வெயில்ல நிக்காதீங்க, வந்து ஒரு வாய் சாப்பிடுங்க!" என்றது பெண்முயல். ஆண்முயல் வாயைத் திறந்தது. மனைவி முறைத்ததும் மூடிக்கொண்டது. மயிலின் கண்ணுக்கு மேலே கோலம் தெரிந்தது; காதுக்குக் கீழே பன்றியின் ஒப்பாரி கேட்டது.

"பன்றிக்கு முதல் இடம்! முயலுக்குக் கடைசி இடம்!" என்று சிங்கத்திடம் போய்ச் சொன்னது மயில்.

யானை பன்றியின் கரையைக் கட்டி முடித்த அன்றே மழை கொட்டியது. முயலின் கரை மெழுகிய இடத்திலேயே பிளந்தது. கேழ்வரகும் மண்ணும் ஓடையோடு போயின. மழை விட்டபோது அங்கே வெறும் பாறைதான் மிஞ்சியிருந்தது.

யானை மூச்சிரைக்க ஓடி வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல்ல இங்கேதானே வந்திருப்பேன்!"

"நான்தான் மூடி வச்சேன்... என் பிள்ளைங்க சோத்தை நானே மூடி வச்சேன்!" என்று கதறியது பெண்முயல்.

மயில் அன்றுதான் பாறையைவிட்டுச் சேற்றில் இறங்கியது. இனி இறங்கி என்ன பயன்? முயல்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வேறு காடு தேடிப் போய்விட்டன.

உதவி வேண்டுபவர் தம் குறையை மறைக்கக் கூடாது. உதவ வருபவர் அதைக் கிட்டப் போய்ப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.