சபைக் குளிகை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வரக்கூடிய ஒரு நாட்டை விசயகேசரி என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் எது அவர் கண்ணை உறுத்துகிறதோ அது பொழுது சாய்வதற்குள் சட்டமாகிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் காலையில் அவர் கண்ணில் படாமல் இருந்தார்கள்.

அவருடைய பேரவையில் முப்பத்தொன்பது இருக்கைகள் இருந்தன. மன்னர் சிம்மாசனத்தில் அமர்ந்துவிட்டால் அவராக எழும்வரை ஒருவரும் எழக்கூடாது. இருமக்கூடாது, தும்மக்கூடாது, வயிறு என்ன பாடு படுத்தினாலும் முகத்தில் காட்டக்கூடாது. அது மன்னரின் பாட்டனார் போட்ட விதி. பேச்சோ காலையில் தொடங்கி உச்சிவெயில் சாய்ந்த பிறகும் ஓயாது. ஆகவே அவை கூடுவதற்கு முன் ஆளுக்கு ஒரு கறுப்பு உருண்டை வெள்ளித்தட்டில் வரும். அதற்குச் சபைக் குளிகை என்று பெயர். போட்டுக்கொண்டால் இருமல் அடங்கும், வயிறு பொழுதுக்கும் சாதுவாகக் கிடக்கும், எதிர்க்கட்சிக்காரர் பேசுவதுகூடக் காதுக்கு இதமாக இருக்கும். மன்னருக்கு இரண்டு குளிகை. அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

குளிகை கிடைக்காத ஒரே ஆள், மன்னரைச் சிரிக்கவைப்பதே வேலையான விகடன் குப்பாண்டி. அவனுக்கு இருக்கை கிடையாது. தூணோரம் நிற்பவன், வேண்டும்போது வெளியே போய்வருவான். தலைமை அமைச்சரான பெரிய பிரதானி சொக்கப்பராயருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவர் அரை நாள் பேசி மன்னரை ஒரு முடிவுக்கு நகர்த்திக்கொண்டு வருவார். குப்பாண்டி தூணோரத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்வான், மன்னர் சிரித்துவிடுவார், முடிவு காற்றோடு போய்விடும். இப்படிப் பன்னிரண்டு வருஷம் பட்டவர் சும்மா இருப்பாரா?

அந்த வருஷம் அவையில் எதைப் பேசினாலும் பேச்சு அபினில் வந்து நின்றது. ஏரிக்கரை ஏன் உடைந்தது என்றால், மண் சுமப்பவர்கள் அபின் தின்கிறார்கள் என்றார் ஒருவர். எல்லைப்படை ஏன் பின்வாங்கியது? அபின். தேர் ஏன் சந்தில் சிக்கியது? அபின். குதிரைகளுக்குக் கொள்ளு போதவில்லை என்று முறையிட்ட லாய அதிகாரியிடம்கூட, குதிரைக்காரன் அபின் தின்பவனா என்று அரை நாள் விசாரித்தார்கள். கொள்ளு கடைசிவரை வரவில்லை. அபினைப் பற்றிப் பேசாமல் இருந்தவர்கள் அதைத் தின்றவர்கள் மட்டும்தான். அவர்களை யாரும் அவைக்குக் கூப்பிடவில்லை.

இந்த நிலையில் ஒருநாள் காலை மன்னரின் பல்லக்கு சாய்ந்தது. முன்தண்டைச் சுமந்த சடையன் என்பவன் தோள் மடங்கி விழுந்தான், மன்னர் சேற்றில் விழுந்தார். சேவகர்கள் சடையனைச் சோதித்தபோது மடியில் குன்றிமணி அளவு அபின் இருந்தது. அவ்வளவுதான், சட்டம் பிறந்துவிட்டது.

"இந்த நொடி முதல் தலைநகர எல்லைக்குள் எவரும் அபின் தின்னக்கூடாது, அபின் சேர்ந்த எதையும் செய்யக்கூடாது, கடுகளவும் பிறர் கையில் கொடுக்கக்கூடாது. மீறினால் சிரச்சேதம்!" என்றார் மன்னர், அவைக்கு வந்த சூட்டோடு.

"குலம், பதவி, வயது எதுவும் பாராமல் என்று சேர்த்துக்கொள்ளலாம் அரசே. அப்போதுதான் மக்கள் அஞ்சுவார்கள்" என்றார் பிரதானி, குளிகையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே.

முப்பத்தொன்பது தலைகளும் ஒன்றாக ஆடின. சடையனை மூன்றாம் நாள் வெட்டுவது என்று முடிவாயிற்று. பேசாமல் இருந்தால் தன் பாடு நிம்மதி என்று தூணோரத்தில் நின்ற குப்பாண்டிக்குத் தெரியும். இருந்தும் வாய் கேட்கவில்லை.

"அரசே, தோள்வலிக்காரனின் தலையை எடுத்தால் வலி போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். வைத்தியரிடம் அனுப்பினாலும் போகலாம். தலையை எடுத்த பிறகு வைத்தியம் பார்க்க முடியாது. ஆகவே வைத்தியத்தை முதலில் வைத்துக்கொள்ளலாமே."

மன்னர் சிரிக்கவில்லை. காதில் இன்னும் சேறு இருந்தது. பிரதானி அந்த நொடிக்காகத்தான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தார்.

"விகடனுக்கு அபின் தின்பவர்கள்மேல் எத்தனை பரிவு பாருங்கள் அரசே! அவர்கள் எல்லாரும் இவனுக்குப் பழக்கம்போலும். சிறையில் நாற்பது கொட்டடிகள் காலியாக இருக்கின்றன. சடையனைத் தவிர இன்னும் நாற்பது அபின் தின்பவர்களை மூன்றாம் நாள் இதே அவையில் இவன் காட்டட்டும். சேவகர் இழுத்துவரக்கூடாது. அவர்களே தம் காலால் நடந்து வரவேண்டும். காட்டினால் சடையனைப் பிழைக்க விடலாம். நாற்பதில் ஒரு தலை குறைந்தாலும் விகடனின் தலையும் சடையனின் தலையும் சேர்ந்து போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

நாற்பது ஏழைகளைக் காட்டிக்கொடுத்தால் ஊர் காறித் துப்பும். காட்டாவிட்டால் தலை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிரதானிக்குக் கொண்டாட்டம்தான்.

குப்பாண்டி நேராகச் சிறைக்குப் போனான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சடையன் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். கொட்டாவிமேல் கொட்டாவி விட்டான், மூக்கும் கண்ணும் ஒழுகின, புழுக்கத்திலும் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்திருந்தது.

"தோளெலும்பு தேஞ்சு போச்சுங்க ஐயா. ஒரு குன்னிமணி போட்டாத்தான் தண்டைத் தூக்க முடியும். அன்னிக்கு நான் போட்டுக்கவே இல்லீங்க. விட்டுத் தொலைக்கலாம்னு பார்த்தேன். அதான் விழுந்துட்டேன்."

"இப்ப என்னடா பண்ணுது?"

"வயித்தைப் புடுங்குதுங்க. ஒரு இடத்துல உக்கார முடியல. எம் பொஞ்சாதிகிட்ட மட்டும் நான் திருடிட்டு உள்ள வரலேன்னு சொல்லிடுங்க ஐயா."

குப்பாண்டி அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். இந்தக் கொட்டாவியை, இந்த மூக்கொழுகலை, இந்தத் தவிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறான். போன திருவிழாவுக்கு அவை இரண்டு நாள் கூடவில்லை. இரண்டாம் நாள் பிரதானி வீட்டில் இப்படித்தான் உட்கார முடியாமல் தவித்தார். அரண்மனையிலிருந்து வெள்ளித்தட்டு போன பிறகுதான் அடங்கினார். அது நினைவுக்கு வந்ததும் குப்பாண்டி அரண்மனை மருந்தறைக்கு ஓடினான்.

அரண்மனை வைத்தியர் அகோரப் பண்டிதர் மருந்து அரைக்கும் கல்வத்தின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கல்வத்தில் ஒன்றும் இல்லை.

"பண்டிதரே, சபைக் குளிகையில் என்ன சேர்க்கிறீர்கள்?"

"ஜாதிக்காய். பச்சைக் கற்பூரம். தேன்."

"அப்புறம்?"

பண்டிதர் கதவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "என் அப்பா சேர்த்தார், நானும் சேர்க்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை, குப்பாண்டி. நாளைக்குக் குளிகை கொடுத்தால் சட்டப்படி என் தலை போகும். கொடுக்காவிட்டால் அவர்கள் என்னை உயிரோடு விடமாட்டார்கள்."

"சட்டம் சொல்கிறபடி செய்யுங்கள். கருப்பட்டியும் சுக்கும் உருட்டி அனுப்புங்கள். அதனால் யாராவது செத்துப்போவார்களா?"

"சாகமாட்டார்கள். செத்தால் தேவலை என்று நினைப்பார்கள்."

மறுநாள் காலை தூணோரத்துக்குத் திரும்பிய குப்பாண்டி இருக்கைகளை எண்ணினான். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினான். முப்பத்தொன்பதுதான். ஒரு தலை குறைகிறது. அந்த ஒரு தலை யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தான், அதன்மேல் கிரீடம் இருந்தது.

அந்த முதல் நாள் அவையில் கொட்டாவிகள் கேட்டன. குளிகை இன்று ருசியாக இருக்கிறதே என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். இரண்டாம் நாள் மூக்குகள் ஒழுகின. அபின் தின்பவர்களைத் தண்டிப்பது பற்றிப் பேசிய தளபதி நடுவில் காரணமில்லாமல் அழுதார். "கேட்பவர்களுக்கு மனம் உருகுகிறது" என்றார் பிரதானி, தம் கண்களைத் துடைத்துக்கொண்டு. ஊரில் ஏதோ சளிக்காய்ச்சல் என்று எல்லாரும் நம்பினார்கள். மன்னர் சிம்மாசனத்தின் சிங்கத்தலையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். குப்பாண்டி அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தூணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் முற்றத்தில் வெட்டுக்கட்டை போட்டாயிற்று. சடையனைச் சங்கிலியோடு கொண்டுவந்து அவை நடுவில் நிறுத்தினார்கள். வெட்டுபவன் இரண்டு வாள்களோடு வாசலில் காத்திருந்தான். முப்பத்தொன்பது பேரும் தள்ளாடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மன்னர் அமர்ந்தார். இனி ஒருவரும் எழ முடியாது.

"எங்கே உன் நாற்பது பேர்?" மன்னரின் குரல் கரகரத்தது.

"சொல்கிறேன் அரசே. அதற்கு முன் ஒரு விண்ணப்பம். அபின் தின்பவனை எப்படி அடையாளம் காண்பது என்று வைத்தியர் சொல்லிவிட்டால், பிறகு தகராறு வராது."

மன்னர் தலையசைத்தார். பண்டிதர் கைகூப்பிக்கொண்டு வந்தார். "அபின் நின்ற மூன்றாம் நாள், ஓயாத கொட்டாவி வரும்" என்றார்.

அவையில் பதினோரு பேர் கொட்டாவி விட்டார்கள்.

"கண்ணும் மூக்கும் ஒழுகும். மயிர்க்கூச்செறியும்."

தளபதி தம் கையை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஓரிடத்தில் உட்கார முடியாது. அடிவயிறு முறுக்கிப் பிடிக்கும். பிறகு..." பண்டிதர் தயங்கினார். "பிறகு அவசரமாக வெளியே போகவேண்டியிருக்கும்."

"அரசே!" என்று அலறினார் பிரதானி. முகம் வெளிறி, வேர்த்து வழிந்தது. "அடியேனுக்கு ஒரு நிமிஷம் அனுமதி வேண்டும். ஒரே ஒரு நிமிஷம்!"

குப்பாண்டி தூணை விட்டு நடுவே வந்தான். "நான் யாரையும் இழுத்துவரவில்லை அரசே. தம் காலாலேயே நடந்து வந்தார்கள். சபைக் குளிகை என்பது அபின். இந்த மூன்று நாளும் தாங்கள் போட்ட சட்டப்படி அது நின்றுபோயிற்று. நான் செய்தது அவ்வளவுதான்."

பண்டிதர் அப்படியே தரையில் விழுந்து வணங்கினார். ஒருவர் "பொய்!" என்று கத்தப்போய் அது தும்மலாக முடிந்தது. மன்னரின் வலது கை மெல்ல உடைவாளுக்குப் போனது.

"எண்ணு" என்றார்.

"முப்பத்தொன்பது, அரசே."

"நாற்பது கேட்டேன்."

"ஆம் அரசே." குப்பாண்டி சடையனைப் பார்த்தான். சடையன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். "ஒரு தலை குறைந்தாலும் எங்கள் இருவர் தலையும் போகும் என்பது ஆணை. எனக்கோ உயிர்மேல் ஆசை. அதனால் அரசே, மன்னிக்கவேண்டும், ஒருவரையும் விட்டுவிட முடியவில்லை."

வாள் பாதி உருவியிருந்தது. குப்பாண்டி கழுத்தைத் தாழ்த்திக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மன்னருக்கு ஒரு கொட்டாவி வந்தது. அடக்கப் பார்த்தார், தாடை நடுங்கியது, அடங்கவில்லை. அகலமாக, நீளமாக, கிரீடம் பின்னால் சரியும்வரை கொட்டாவி விட்டார்.

கிரீடத்தைப் பிடித்துக்கொண்டவர் அப்படியே சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் ஏற்கெனவே ஒழுகிய நீரோடு சிரிப்பின் நீரும் சேர்ந்தது. வாள் உறைக்குள் விழுந்தது. "குலம், பதவி, வயது பாராமல்! பிரதானியாரே, எவ்வளவு யோசித்துச் சேர்த்தீர்! இன்றைக்குச் சட்டப்படி நடந்தால் நாளைக்கு ஆள என்னையும் சேர்த்து ஒருவரும் மிஞ்சமாட்டோம்!"

"அரசே, எழுந்தருளுங்கள்!" பிரதானி கிட்டத்தட்ட அழுதார். "தயவுசெய்து எழுந்தருளுங்கள்!"

மன்னர் எழுந்தார். சொல்லப்போனால் குதித்தார். அவர் பின்வாசல் வழியாக ஓட, முப்பத்தொன்பது பேரும் முன்வாசல் வழியாக ஓட, இரண்டு வாள்களோடு நின்றவன் யாரைத் தடுப்பது என்று தெரியாமல் விலகி நின்றான். குப்பாண்டி போய்ச் சடையனின் சங்கிலியைக் கழற்றினான்.

சட்டம் அன்றே கிழிக்கப்பட்டது. அபினில் விழுந்தவனை வாளிடம் அனுப்பாமல் வைத்தியரிடம் அனுப்புவது என்று புதுச் சட்டம் வந்தது. அதைப் பற்றி நீண்ட விவாதம் நடக்கவில்லை, ஏனெனில் யாராலும் நீண்ட நேரம் உட்கார முடியவில்லை. மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியின் கழுத்தில் போட்டு, அவையில் நாற்பதாவது இருக்கையும் தருவதாகச் சொன்னார். மாலையை மட்டும் அவன் வாங்கிக்கொண்டான். "உட்காரவைத்தால் ஏதாவது உருண்டை கொடுப்பீர்கள் அரசே, நான் நிற்கிறேன்" என்றான்.

பத்துநாள் கழித்து மன்னர் தாமும் தேறி, வைத்தியசாலையைப் பார்க்க வந்தார். தோளில் எண்ணெய்க் கட்டோடு சடையன் ஒரு பாயில் படுத்திருந்தான். இடமில்லாததால் பக்கத்துப் பாயில் பெரிய பிரதானி. இருவருக்கும் ஒரே கஞ்சி, ஒரே கசாயம். பிரதானி நாற்பக்கமும் பார்த்துவிட்டு, சடையன் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா, இந்தத் தவிப்பு எத்தனை நாளில் போகும்? உனக்கு அனுபவம் இருக்குமே."

"எனக்கும் இதாங்க மொத தடவை" என்றான் சடையன். "இதுக்கு முந்தி எங்களை எல்லாம் யாரு இங்க சேர்த்தாங்க?"

வாசலில் நின்ற மன்னர் குப்பாண்டியைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தார். பிறகு சிரிக்காமல், உள்ளே போய் அந்த இரண்டு பாய்களுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். மன்னர் உட்கார்ந்த பிறகும் அன்று யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று இருந்தது. ஒருவரும் போகவில்லை.